அலாஸ்கா கப்பல்: எப்போது புக் செய்தால் காசு மிஞ்சும்?

கேள்வி இதுதான்: டாலஸில் ஒரு தமிழ்க் குடும்பம். கணவன், மனைவி, எட்டு வயதுப் பையன். அடுத்த கோடையில் திருச்சியிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். ஐந்து பேரும் சியாட்டிலிலிருந்து ஏழு இரவு அலாஸ்கா கப்பலில் போகத் திட்டம். இப்போது அக்டோபர். இப்போதே புக் செய்வதா, ஜனவரித் தள்ளுபடி வரை பொறுப்பதா, கடைசி நேரத்தில் விலை விழும் என்று அலுவலக நண்பர் சொல்வதை நம்பிக் காத்திருப்பதா?

இப்போதே புக் செய்யுங்கள். ஆனால் முழுசாகத் திரும்பக் கிடைக்கும் முன்பணத்தில் மட்டும் செய்யுங்கள். அப்புறம் மீதிப் பணம் கட்ட வேண்டிய கடைசித் தேதி வரை வாரம் ஒருமுறை விலையைப் பாருங்கள். குறைந்திருந்தால் போன் போட்டு அந்த விலைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். அந்தத் தேதி தாண்டியதும் விலை பார்ப்பதையே விட்டுவிடுங்கள். அதற்கு மேல் பார்த்தால் மனசுதான் கெடும்.

உங்கள் நண்பர் சொல்வது பொய் இல்லை. கப்பல் கிளம்பிவிட்டால் காலியாக இருக்கும் கேபினால் நிறுவனத்துக்குப் பைசா பிரயோஜனம் இல்லை. கோயம்பேட்டில் சாயங்காலம் ஆனதும் பூ விலை இறங்குகிற மாதிரிதான். போதாததற்கு, கப்பல்காரர்களுக்கு டிக்கெட்டில் மட்டும் வருமானம் கிடையாது. மதுபானம், சூதாட்ட அரங்கு, ஸ்பா, கரையில் சுற்றிக் காட்டும் டூர் என்று ஏறிய ஆள் ஒவ்வொருவரிடமும் உள்ளே இன்னொரு வியாபாரம் நடக்கிறது. ஆகவே டிக்கெட்டை அடிமாட்டு விலைக்கு விற்றாவது ஆளை ஏற்றிவிடுவது அவர்களுக்கு லாபம்.

அது நன்றாக நடக்கிற இடம் கரீபியன். மயாமி, ஃபோர்ட் லாடர்டேல், போர்ட் கனாவெரல் என்று புளோரிடாவில் மட்டும் வாரம் முழுக்கக் கப்பல்கள் கிளம்பிக்கொண்டே இருக்கின்றன. ஓய்வு பெற்றவர்கள் ஏராளமாக அங்கேயே குடியிருக்கிறார்கள். வியாழக்கிழமை விலை பார்த்து, சனிக்கிழமை பெட்டியைக் காரில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். செப்டம்பர், அக்டோபரில் புயல் பயம்; அதனால் கூட்டம் குறைவு. நன்றி நவிலல் விடுமுறைக்கும் கிறிஸ்துமசுக்கும் நடுவே டிசம்பர் முதல் இரண்டு வாரம் இன்னொரு பள்ளம். அந்த நாள்களில் காத்திருந்தவன் ஜெயிப்பான்.

அலாஸ்கா வேறு கதை. அங்கே சீசனே ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரைதான். பெரும்பாலான கப்பல்கள் மே முதல் செப்டம்பர் வரை. நினைத்தால் இன்னும் நாலு கப்பலைக் கொண்டுவந்து விடவும் முடியாது, ஊர் தாங்காது. அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவில் சுமார் 32,000 பேர் வசிக்கிறார்கள். ஒரு கோடையில் 16 லட்சத்துக்கும் மேற்பட்ட கப்பல் பயணிகள் வந்து இறங்குகிறார்கள். நகராட்சி பொறுத்துப் பார்த்துவிட்டு, கப்பல் நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டு, 2024 முதல் ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல்தான் என்று வரம்பு வைத்தது. 2026 முதல் ஒரு நாளைக்கு வரும் கப்பல்களின் மொத்தப் படுக்கைக் கணக்கிலும் வரம்பு: சனிக்கிழமை 12,000, மற்ற நாள்களில் 16,000. கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்கு மேல் அனுமதியே இல்லை. சரக்கு இப்படி அளவாக வரும்போது கடைக்காரன் எதற்கு சாயங்காலம் விலையைக் குறைக்கப் போகிறான்?

இன்னொன்று, கப்பல்கள் இப்போது நிரம்பித்தான் ஓடுகின்றன. பெரிய நிறுவனங்கள் பங்குதாரர்களுக்குக் கொடுக்கும் அறிக்கையில் 100 சதவீதத்துக்கு மேல் நிரம்பியதாகவே கணக்கு வரும். கேபினுக்கு இரண்டு பேர் என்பது அவர்கள் கணக்கு. மூன்றாவது, நாலாவது ஆளாகக் குழந்தைகள் ஏறும்போது நூறைத் தாண்டிவிடுகிறது. இந்த மூன்றாவது ஆள் விஷயத்தைக் கொஞ்சம் கவனியுங்கள், ஏனென்றால் உங்கள் பையன்தான் அந்த மூன்றாவது ஆள்.

மூன்று பேர் தங்கும் கேபின் ஒரு கப்பலில் கொஞ்சம்தான் இருக்கும். சுவரிலிருந்து இறக்கும் மேல் படுக்கையோ சோபா படுக்கையோ எல்லா அறையிலும் கிடையாது. அதைவிட முக்கியம், உயிர்காப்புப் படகு. கப்பலின் ஒவ்வொரு பகுதிக்கும் இந்தப் படகு, இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. அந்தப் பகுதியில் ஏற்கனவே மூன்று பேர், நாலு பேர் குடும்பங்கள் நிறைய ஏறிவிட்டால், கேபின் காலியாக இருந்தாலும் அங்கே மூன்றாவது ஆளைச் சேர்க்க மாட்டார்கள். இரண்டு பேருக்குத் தேடினால் பத்து கேபின் காட்டுகிற அதே இணையதளம் மூன்று பேருக்குத் தேடினால் இல்லை என்று கைவிரிப்பது பெரும்பாலும் இதனால்தான். பெற்றோர் கேபினும் உங்கள் கேபினும் அடுத்தடுத்து வேண்டும் என்று சேர்த்துக் கேட்டால் கடைசி நேரத்தில் கிடைக்கிற வாய்ப்பு இன்னும் சுருங்கும்.

நான் ஒருமுறை கடைசி நேர விலைக்காகக் காத்திருந்து பார்த்தவன். ஜூலைப் பயணம், நாங்கள் நாலு பேர், கூட மாமியார். மே மாதம் விலை உண்மையிலேயே இறங்கியது. ஆளுக்குச் சுமார் 150 டாலர் மிச்சம் என்று குதித்துக்கொண்டு புக் செய்தேன். கிடைத்த இரண்டு கேபின்களில் ஒன்று முன் பக்கம் எட்டாவது தளம், மற்றது பின் பக்கம் இரண்டாவது தளம். மாமியார் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் அந்த நீளத்தை நடந்தார். அதற்குள் விமான டிக்கெட் ஏறிவிட்டதால் மிச்சம் பிடித்த பணமும் அங்கே போய்ச் சேர்ந்தது. கப்பல் நிறுவனத்தின் மேல் தப்பு எதுவும் இல்லை, பேராசை முழுக்க என்னுடையது. மாமியார் இன்றுவரை அதை மறக்கவில்லை என்பது தனி.

சரி, மீதிப் பணம் கட்டும் தேதிக்கு வருவோம். புக் செய்யும்போது கட்டுவது முன்பணம் மட்டும்தான். ஏழு இரவுப் பயணத்துக்குப் பல நிறுவனங்களில் ஆளுக்கு 250 டாலர் பக்கம் வரும். மீதியைக் கப்பல் கிளம்ப இத்தனை நாளுக்கு முன் கட்ட வேண்டும் என்று ஒரு தேதி குறிப்பார்கள். ஏழு இரவுக்குப் பொதுவாக 90 நாள், சில நிறுவனங்களில் 120 நாள். அந்தத் தேதிக்கு முன் ரத்து செய்தால் முன்பணம் முழுசும் திரும்பி வரும். அதற்குப் பின் ரத்து செய்தால் மொத்தத் தொகையில் கால் பங்கு, பாதி, முக்கால் என்று அபராதம் படிப்படியாக ஏறி, கடைசி வாரங்களில் ஒரு பைசா கூடத் திரும்பாது.

ஆக, அந்தத் தேதி வரை உங்கள் புக்கிங் ஒரு துண்டு போட்டு வைத்த இடம் மாதிரிதான். விலை ஏறினால் உங்களுக்குப் பழைய விலை. இறங்கினால் புது விலையைக் கேட்டு வாங்கலாம். காத்திருப்பவருக்கு இறக்கம் மட்டும்தான் லாபம், ஏற்றம் முழுக்க நஷ்டம். துண்டு போட்டவருக்கு இரண்டு பக்கமும் பாதுகாப்பு. இப்போதே செய்யுங்கள் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுதான் பெரிய காரணம். அக்டோபர் விலையே மிகக் குறைவான விலை என்றெல்லாம் யாராலும் சொல்ல முடியாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. புக் செய்யும் பக்கத்தில் இரண்டு விலை காட்டுவார்கள். ஒன்று கொஞ்சம் குறைவாக இருக்கும், அதில் முன்பணம் திரும்பாது. பயணத்தை மாற்றினால் ஆளுக்கு 100 டாலர் போல அபராதமும் வைப்பார்கள். பல தளங்களில் முதலில் கண்ணில் படுவது இந்தக் குறைந்த விலைதான். போகிற தேதி கல்லில் எழுதியது மாதிரி உறுதி என்றால் எடுக்கலாம். உங்கள் வீட்டில் இரண்டு பேர் வேறு நாட்டிலிருந்து வர வேண்டும், விசா வேண்டும், இரண்டு பேருக்கும் வயதாகிறது. நாற்பது ஐம்பது டாலரைப் பார்த்து அதில் கை வைக்காதீர்கள்.

ஜனவரித் தள்ளுபடி பற்றி. ஜனவரி முதல் மார்ச் வரை கப்பல் நிறுவனங்கள் வருடத்திலேயே பெரிய விளம்பரங்களைப் போடும். வட அமெரிக்காவில் பனி கொட்டுகிற மாதங்கள். வீட்டுக்குள் அடைந்து கிடப்பவர்கள் கோடையை நினைத்து ஏங்குகிற நேரம் பார்த்து வலை வீசுகிறார்கள். இரண்டாவது ஆளுக்குப் பாதி விலை, குழந்தைகளுக்கு இலவசம், மதுபானப் பேக்கேஜ் சேர்த்து, கப்பலில் செலவழிக்க 200 டாலர் என்று விதவிதமாக வரும். எல்லாம் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், சில நிஜமாகவே நல்ல சலுகைகள். ஆனால் இரண்டாவது ஆளுக்குப் பாதி என்று அறிவிப்பதற்கு முன்னால் முதல் ஆளின் விலையை ஏற்றி வைப்பது தெரிந்த வித்தைதான். நம் ஊர் ஆடித் தள்ளுபடியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே சதவீதத்தைப் பார்க்காதீர்கள். ஐந்து பேருக்கும் வரி, துறைமுகக் கட்டணம் எல்லாம் சேர்த்து கடைசிப் பக்கத்தில் வரும் மொத்தத் தொகையை மட்டும் ஒரு தாளில் தேதி போட்டு எழுதி வையுங்கள். அடுத்த முறை அதே கடைசிப் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். முன்பெல்லாம் விளம்பரத்தில் ஒரு விலையும் கடைசியில் வேறு விலையும் வரும். கலிபோர்னியா கொண்டுவந்த சட்டத்தால் 2024 ஜூலை முதல் அங்கே கட்டாயக் கட்டணங்கள் சேர்ந்த விலையையே முதலிலேயே காட்டியாக வேண்டும். பெரிய நிறுவனங்கள் வரியையும் சேர்த்து, அதை நாடு முழுக்கவே பின்பற்றத் தொடங்கின. பழைய விளம்பர விலையை ஞாபகம் வைத்துக்கொண்டு இப்போது ஏறிவிட்டது என்று பதறுபவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அலாஸ்காவில் வரி கொஞ்சம் கனம். மாநிலம் வாங்கும் தலைவரி ஆளுக்கு 34.50 டாலர் வரை. சில துறைமுகங்களும் தனியாக வாங்கும். பையன் டிக்கெட் இலவசம் என்றாலும் இந்த வரி அவனுக்கும் முழுசுதான்.

ஜனவரிச் சலுகையை நீங்கள் இழக்கப் போவதில்லை. ஜூன் 7 கிளம்பும் கப்பல் என்று வைத்துக்கொண்டால், 90 நாள் கணக்கில் மார்ச் 9 மீதிப் பணத்துக்குக் கடைசித் தேதி. ஜனவரி, பிப்ரவரி முழுக்க உங்கள் துண்டு அப்படியே கிடக்கும். நல்ல சலுகை வந்தால் அதற்கு மாறிக்கொள்ளலாம். மாற்றும்போது ஒன்றைப் பாருங்கள்: விலையைக் குறைத்தால் அன்றைய தேதியின் சலுகை நிபந்தனைகள்தான் பொருந்தும். அக்டோபரில் கொடுத்த கப்பல் செலவுப் பணம் காணாமல் போகலாம். 60 டாலர் குறைகிறதே என்று மாற்றிவிட்டு 100 டாலர் சலுகையைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும்.

மீதிப் பணத் தேதிக்கு முந்தைய இரண்டு வாரம் தினமும் பாருங்கள். இரண்டு மூன்று கப்பலில் துண்டு போட்டு வைத்தவர்கள் அந்த நேரத்தில்தான் வேண்டாததை விடுவிப்பார்கள். நல்ல இடத்து கேபின்கள் திரும்ப வெளியே வரும். தேதி தாண்டியதும் எத்தனை கேபின் உண்மையில் மிச்சம் என்று நிறுவனத்துக்குத் தெரிந்துவிடும், அதன் பிறகு விலை எந்தப் பக்கமும் போகலாம். உங்கள் கெட்ட நேரம், பணம் கட்டிய மறு வாரமே குறைந்தால் கேட்டுப் பார்க்கலாம். சில சமயம் கேபினை உயர்த்தித் தருவார்கள், சில சமயம் செலவுப் பணம் கொஞ்சம் தருவார்கள். உரிமையாக எதையும் எதிர்பார்க்க முடியாது.

நேரடியாக நிறுவனத்திடம் புக் செய்வதா, ஏஜென்ட்டிடமா என்ற கேள்வி இதோடு சேர்ந்து வரும். ஏஜென்ட்டுக்குக் கமிஷன் கொடுப்பது நிறுவனம். உங்களுக்குப் பெரும்பாலும் கூடுதல் செலவு இல்லை. குழுவுக்கு என்று முன்கூட்டியே கேபின்களைப் பிடித்து வைத்திருக்கும் ஏஜென்ட்டிடம் பழைய விலை இன்னும் உயிரோடு இருக்கும். தன் கமிஷனிலிருந்து கொஞ்சம் செலவுப் பணமாகத் தருபவர்களும் உண்டு. ஆனால் ஏஜென்ட் வழியாகப் புக் செய்துவிட்டால் விலை மாற்றம் உட்பட எல்லாவற்றுக்கும் அவரைத்தான் பிடிக்க வேண்டும், நிறுவனம் உங்களிடம் நேரடியாகப் பேசாது. போன் எடுக்காத ஏஜென்ட் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: விலை குறைந்தால் மாற்றித் தருவீர்களா? ரத்து செய்தால் உங்கள் பங்குக்கு ஏதாவது பிடிப்பீர்களா?

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. எப்போது புக் செய்கிறோம் என்பதைவிட எந்த வாரம் கப்பல் ஏறுகிறோம் என்பதில்தான் பெரிய பணம் இருக்கிறது. புக் செய்யும் நேரத்தை எவ்வளவு சாமர்த்தியமாகத் தேர்ந்தாலும் ஆளுக்கு நூறு, இருநூறு டாலர்தான் பெரும்பாலும் மிஞ்சும். அதே கப்பல், அதே ஜன்னல் இல்லாத உள் கேபின் மே முதல் வாரத்தில் ஆளுக்கு 600, 700 டாலருக்குக் கிடைப்பதையும் ஜூலை நடுவில் ஆயிரத்தைத் தாண்டுவதையும் நான் பார்த்திருக்கிறேன். பால்கனி கேபினில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது.

மேயில் போனால் நஷ்டமா என்றால், அப்படி ஒன்றும் இல்லை. ஜூனோவில் மே, ஜூன் மாதங்களில் மழை சீசனின் பிற்பகுதியைவிடக் குறைவு. மலையில் பனி இன்னும் உருகாமல் இருக்கும், படம் எடுக்க அழகு. ஆகஸ்ட் தாண்டினால் மழை ஏறி செப்டம்பரில் கொட்டும். செப்டம்பரில் விலை குறைவாக இருப்பதன் ரகசியம் இதுதான். சால்மன் மீன் ஆற்றில் ஏறுவதையும் அதைத் தின்ன வரும் கரடியையும் பார்க்க வேண்டும் என்றால் ஜூலை, ஆகஸ்ட் போவதுதான் சரி, அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும்.

உங்களுக்குப் பள்ளிக்கூடம் ஒரு தடை. ஆனால் டாலஸில் இருப்பது ஒரு அதிர்ஷ்டம். அங்கே மே கடைசியிலேயே பள்ளியை மூடிவிடுவார்கள். நியூயார்க்கிலும் சியாட்டிலிலும் ஜூன் நடுப்பகுதிக்கு மேல்தான் விடுமுறை. ஆக ஜூன் முதல் வாரம் உங்கள் பையனுக்கு லீவு, நாட்டில் பல குழந்தைகளுக்கு இன்னும் பள்ளி. அந்த வாரத்துக் கப்பல் விலையையும் ஜூன் 20 தாண்டிய விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும். பெற்றோரின் விமான டிக்கெட்டை இந்தத் தேதிக்குத் தகுந்த மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். பலரும் முதலில் இந்திய டிக்கெட்டை எடுத்துவிட்டு, அப்புறம் கப்பலை அதற்குள் திணிக்கப் பார்ப்பார்கள்.

அடுத்தது கனடா விசா. இதைத் தெரியாமல் முழுப் பணத்தையும் கட்டிவிட்டுத் துறைமுகத்தில் திரும்பிப் போன குடும்பங்கள் உண்டு. அமெரிக்காவில் 1886-ஆம் ஆண்டு போட்ட ஒரு பயணிகள் கப்பல் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே ஆளை ஏற்றி இறக்க முடியாது, நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். பெரிய சொகுசுக் கப்பல்கள் கிட்டத்தட்ட எல்லாமே பஹாமாஸ், பனாமா போன்ற கொடிகளில்தான் ஓடுகின்றன. அதனால்தான் சியாட்டிலிலிருந்து கிளம்பும் கப்பல் திரும்பும் வழியில் ஒரு சாயங்காலம் கனடாவின் விக்டோரியாவில் நிற்கும். சில மணி நேரம்தான். ஆனால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கனடா விசா வேண்டும், அமெரிக்க விசா கையில் இருப்பது போதாது. நாங்கள் கப்பலை விட்டு இறங்கவே மாட்டோம் என்று சொல்லிச் சமாளிக்கலாம் என நினைக்காதீர்கள். கப்பல் ஏறும் மேஜையிலேயே விசாவைக் கேட்பார்கள், இல்லையென்றால் ஏற்ற மாட்டார்கள், பணமும் திரும்பாது.

நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் உங்களுக்குக் கனடா விசா தேவையில்லை. ஹெச்-1பி வேலை விசா என்றால் உங்கள் இருவருக்கும் வேண்டும், பையன் இங்கே பிறந்திருந்தால் அவனுக்கு மட்டும் வேண்டாம். அப்பா அம்மாவுக்குக் கண்டிப்பாக வேண்டும். இந்தியாவிலிருந்தே விண்ணப்பித்து, கைரேகை கொடுத்து, பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி வருவதுதான் நிம்மதி. இதை நவம்பரிலேயே தொடங்கச் சொல்லுங்கள். மார்ச் 9-க்குள் விசா கையில் இருந்தால் மீதிப் பணத்தைக் கட்டுங்கள். இல்லையென்றால் ரத்து செய்து முன்பணத்தை வாங்கிக்கொண்டு வேறு ஊர் பாருங்கள். திரும்பக் கிடைக்கும் முன்பணம் என்று மேலே படித்துப் படித்துச் சொன்னது இதற்காகவும்தான்.

கனடா விசா எடுத்தே ஆக வேண்டும் என்று ஆன பிறகு, வான்கூவரிலிருந்து கிளம்பும் கப்பல்களையும் ஒரு பார்வை பார்க்கலாம். சியாட்டில் கப்பல்கள் பல வான்கூவர் தீவுக்கு மேற்கே திறந்த கடலில் போகும், ஓரிரு இரவு ஆட்டம் இருக்கும். வான்கூவர் கப்பல்கள் தீவுகளுக்கு நடுவே அமைதியான நீரில் போகும். ஆனால் துறைமுக வாயிலில் இருக்கும் லயன்ஸ் கேட் பாலத்தின் உயரம் 61 மீட்டர்தான், மிகப் பெரிய கப்பல்கள் அதனடியில் நுழைய முடியாது. நீர்ச்சறுக்கு, கோ-கார்ட் என்று பையன் கேட்டால் சியாட்டில்தான். டாலஸிலிருந்து விமானக் கட்டணத்தைச் சேர்த்தே இரண்டையும் ஒப்பிடுங்கள்.

காப்பீட்டுக்கும் புக் செய்யும் தேதிக்கும் ஒரு முடிச்சு இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. எந்தக் காரணத்துக்காகவும் ரத்து செய்யலாம் என்கிற வகைப் பயணக் காப்பீடு, ஏற்கனவே உள்ள நோய்களையும் ஏற்றுக்கொள்ளும் வகை, இரண்டையும் முதல் முன்பணம் கட்டிய நாளிலிருந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் எடுத்தால்தான் கொடுப்பார்கள். பெற்றோருக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் இதை விட்டுவிடாதீர்கள். அவர்கள் அமெரிக்கா வரும்போது எடுக்கும் மருத்துவக் காப்பீடு வேறு, பயணம் ரத்தானால் பணம் தரும் காப்பீடு வேறு. அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு எந்த நிறுவனம் கொடுக்கும் என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

கேபின் பற்றி என் யோசனை: பெற்றோருக்கு கப்பலின் நடுப்பகுதியில், அதிக உயரமில்லாத தளத்தில் பால்கனி. நீங்கள் மூவரும் அதற்கு எதிர் வரிசையில் உள் கேபின். குளிருக்கு வெளித் தளத்தில் நின்று பனிப்பாறை பார்க்க அவர்களால் முடியாது, போர்வையைப் போர்த்திக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்து பார்ப்பார்கள். நீங்களும் அங்கேதான் கிடப்பீர்கள், உள் கேபின் தூங்க மட்டும். இரண்டு பால்கனி எடுப்பதைவிட இதில் மிஞ்சுவது எந்த ஜனவரித் தள்ளுபடியையும் விட அதிகம். எந்த கேபின் என்பதை நிறுவனமே பிறகு ஒதுக்கும் என்கிற மலிவு டிக்கெட் ஒன்று உண்டு. தனியாகவோ ஜோடியாகவோ போகிறவர்களுக்கு அருமை, உங்களுக்கு வேண்டாம். என் மாமியார் கதைதான் திரும்ப நடக்கும்.

டிக்கெட்டுக்கு வெளியே போகும் பணத்தையும் இப்போதே எழுதி வையுங்கள். தினப்படி டிப்ஸ் ஆளுக்கு 16 முதல் 20 டாலர், குழந்தைக்கும் பெரும்பாலும் உண்டு. ஐந்து பேருக்கு ஏழு நாளில் 600 டாலர் பக்கம். இணையம், குளிர்பானப் பேக்கேஜ் போன்றவற்றைக் கப்பலில் ஏறும் முன்பே வாங்கினால் குறைவு. நவம்பர் கடைசி கறுப்பு வெள்ளித் தள்ளுபடியில் இன்னும் இறங்கும், பிறகு குறைந்தாலும் பழையதை ரத்து செய்து புதிதாக வாங்க முடியும். ஜூனோவில் திமிங்கிலம் பார்க்கும் படகு, ஸ்காக்வேயில் தங்க வேட்டைக் காலத்து மலை ரயில் இரண்டும் பெற்றோரும் பையனும் சேர்ந்து ரசிக்கக் கூடியவை. ஊர்க்காரர்களிடம் நேரடியாக எடுத்தால் படகுக் கட்டணம் குறையும். ஆனால் தாமதமானால் கப்பல் தன் டூருக்குத்தான் காத்திருக்கும், உங்களுக்காகக் காத்திருக்காது. சியாட்டிலுக்கு ஒரு நாள் முன்பே போய்விடுங்கள்.

கிளேசியர் பே போகும் கப்பல்தான் வேண்டுமா என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். இரண்டே கப்பல் என்ற வரம்பால் அந்தப் பாதைக்கு விலை கூடுதல், நல்ல கேபின்கள் சீக்கிரம் போய்விடும். எண்டிகாட் ஆர்ம் என்ற, மலைகளுக்கு நடுவே நீளும் கடல்நீர்ப் பகுதிக்குப் போகும் கப்பலிலும் பனிப்பாறை உண்டு. என்னைக் கேட்டால், வாழ்நாளில் ஒருமுறை வரும் பெற்றோருக்கு அந்தக் கூடுதல் விலையைக் கொடுப்பேன்.

காத்திருந்து ஜெயிக்கக் கூடியவர்களும் இருக்கிறார்கள். சியாட்டிலிலோ வான்கூவரிலோ குடியிருக்கும், பள்ளிக் குழந்தை இல்லாத, எந்த கேபின் கொடுத்தாலும் சரி என்கிற ஜோடி. மே தொடக்கத்திலோ செப்டம்பர் கடைசியிலோ இரண்டு வாரம் முன்னால் பார்த்து ஏறிவிடலாம். உங்கள் நண்பர் அப்படிப்பட்டவராக இருந்தால் அவர் சொன்னது அவருக்குச் சரி.

இந்த வார இறுதியில் செய்ய வேண்டியது: ஜூன் முதல் வாரக் கப்பல்கள் இரண்டு மூன்றைப் பார்த்து, மூன்று பேர் கேபினும் பால்கனியும் அருகருகே கிடைக்கிற ஒன்றில் துண்டு போடுங்கள். மீதிப் பணத் தேதியையும் அதற்கு இரண்டு வாரம் முந்தைய தேதியையும் போனில் குறித்துக்கொள்ளுங்கள். அப்பாவிடம் கனடா விசாவுக்கான காகிதங்களைத் தேடச் சொல்லுங்கள். அவர்கள் சைவம் என்றால் புக் செய்யும்போதே இந்திய சைவச் சாப்பாடு என்று பதிவு செய்யுங்கள், பிறகு கப்பலில் உணவுக்கூட மேலாளரிடம் முதல் நாளே நேரில் சொல்லுங்கள். வெறும் சோறும் கெட்டித் தயிரும் பஃபேயில் பெரும்பாலும் இருக்கும். ஊறுகாயை மட்டும் அம்மா கொண்டு வந்துவிடுவார், அதை யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.